'எடர்னல் சன்ஷைன்' படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள், குறும்படம் எடுக்க நினைப்பவர்கள், உதவி இயக்குநராக முயல்பவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் கொடுக்கும் பயிற்சி, 2004-இல் வெளிவந்த 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்' படத்தை உட்கார்ந்து பிரிப்பது. இயக்கம் மிஷெல் கோன்ட்ரி, திரைக்கதை சார்லி காஃப்மன். வெளியே பார்த்தால் அறிவியல் புனைகதை: ஒருவரைப் பற்றிய நினைவை மட்டும் இயந்திரம் வைத்து மூளையிலிருந்து துடைத்துத் தரும் லாகூனா என்ற நிறுவனம். உள்ளே இருப்பது ஜோயல், கிளெமென்டைன் என்ற இருவருக்கிடையே இரண்டு வருடம் ஓடி முறிந்துபோன ஒரு காதல்.

அந்த இயந்திரம் படத்தில் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. காதலின் வரிசையைத் திருப்பிப் போடுகிறது. சண்டை முதலில் வருகிறது, முதல் சந்திப்பு கடைசியில் வருகிறது. அதனால் வரிசையைக் கையால் எழுதிப் பார்க்காமல் இந்தப் படம் பிடிபடாது. கீழே உள்ள படிகளும் அந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால், பாதியில் குழம்பி மறுபடி முதலுக்கே வர வேண்டியிருக்கும்.

முடிவு உட்பட எல்லாமே இங்கே பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

படம் 108 நிமிடம். பிரிப்பதற்கு ஒரு முழு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். தினம் அரை மணி நேரம் என்று துண்டு போட்டால் நடக்காது. எந்தக் காட்சி எதற்கு முன்னால் வந்தது என்பதுதான் இங்கே பாடம். இடைவெளி விட்டால் அது மறந்துபோகும்.

கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்று, கிழித்து இடம் மாற்றி அடுக்கத் துண்டுச் சீட்டுகள், நான்கு நிறப் பேனா அல்லது பென்சில்: பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம். நிறம் எதற்கு என்பது நான்காவது படியில் தெரியும். கணினியில் அட்டவணை போடுகிறவர்களும் சீட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கையால் நகர்த்தும்போதுதான் வரிசை மாறுவதன் விளைவு உறைக்கிறது.

ஆங்கில சப்டைட்டில் இருக்கும் பிரதியாகப் பாருங்கள். ஜோயல் முணுமுணுப்பவன், கிளெமென்டைன் வேகமாகப் பேசுபவள். பின்னணியில் ஓடும் குரல்களிலும் கதை இருக்கிறது. காதால் மட்டும் பிடிப்பது சிரமம்.

2. முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள்

குறிப்பு எழுத வேண்டாம். குழப்பம் வரும், வரட்டும். எந்த இடத்தில் 'இது எப்போது நடக்கிறது?' என்ற கேள்வி எழுந்தது, எந்த இடத்தில் தெளிந்தது என்று இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பார்வையிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள் படத்தின் சின்னச் சின்னத் துப்புகளைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். ஆனால் ஜோயலோடு சேர்ந்து தடுமாறும் அனுபவம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தடுமாற்றம் இயக்குநர் வேண்டுமென்றே கொடுத்தது. அதை உணராமல் காரணத்தை மட்டும் படித்தால் எழுதும்போது உதவாது.

படம் முடிந்ததும் ஐந்து வரியில் கதையை எழுதி அப்படியே மடித்து வையுங்கள். ஒன்பதாவது படியில் அதைத் திறப்போம்.

3. காட்சிப் பட்டியல் எழுதுங்கள்

இரண்டாவது முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீட்டு. சீட்டில் ஐந்து விஷயங்கள்: திரையில் வரும் வரிசை எண், இடம், கிளெமென்டைனின் தலைமுடி நிறம், என்ன நடக்கிறது என்று ஒரே வரி, அந்தக் காட்சியில் ஜோயல் சொல்லாமல் விழுங்கியது என்ன.

கடைசிக் குறிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'சண்டை போடுகிறார்கள்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். எதைச் சொல்லாததால் சண்டை வந்தது என்று எழுதினால்தான் இது உறவைப் பற்றிய படம் என்பது கையில் தட்டுப்படும். ஓர் இடத்தில் கிளெமென்டைன் நேராகவே சொல்கிறாள்: நான் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்கிறேன், நீ எதுவும் சொல்வதில்லை. ஜோயலின் பதில், ஓயாமல் பேசுவது மனம்விட்டுப் பேசுவதாகிவிடாது என்பது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவருடைய வார்த்தையையும் சீட்டில் எழுதுங்கள்.

நினைவுக்குள் காட்சிகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து போகும். ஒரு கதவைத் திறந்தால் வேறொரு நாள். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் தவிப்பீர்கள். எளிய விதி: இடம் மாறினால் புதுச் சீட்டு. இடம் மாறாமல் ஆட்களோ வெளிச்சமோ கரையத் தொடங்கினால் அதே சீட்டில் ஒரு கோடு போட்டுக் கீழே எழுதுங்கள். அந்தக் கோடு, நடந்தது முடிந்து அழிவது தொடங்கும் இடம். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

4. தலைமுடியைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்

தேதி போட்ட காட்சிகள் படத்தில் கிடையாது. அதற்குப் பதிலாகக் கிளெமென்டைனின் தலைமுடி இருக்கிறது. மோன்டாக் கடற்கரையில் நண்பர்கள் கூடிய அன்று, அதாவது உண்மையான முதல் சந்திப்பில், பச்சை. காதல் சூடாக இருக்கும் காலத்தில் சிவப்பு. கசக்கத் தொடங்கும்போது மங்கிய ஆரஞ்சு. இருவர் நினைவும் துடைக்கப்பட்ட பிறகு ரயிலில் சந்திக்கும்போது நீலம்.

ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் அந்த நிறத்தைத் தீட்டுங்கள். சீட்டுகளைத் திரையில் வந்த வரிசையில் தரையில் பரப்பினால், நீலத்தில் தொடங்கி, ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று பின்னோக்கிப் போய், மறுபடி நீலத்தில் முடிவது ஒரே பார்வையில் தெரியும். படத்தின் மொத்தக் கட்டுமானமும் இதுதான்.

நிறத்தை மட்டும் நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நினைவு அழிவதிலிருந்து தப்பிக்க ஜோயல் கிளெமென்டைனைத் தன் சிறுவயது நினைவுகளுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். சமையலறை மேசைக்கு அடியில் ஒளியும் பிள்ளையாகக் கிடக்கிறான். அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணாக நிற்கிறாள். அந்த நாளில் அவள் அவன் வாழ்க்கையிலேயே இல்லை. அங்கே முடி நிறம் காலத்தைக் காட்டாது. அந்தச் சீட்டுகளில் நிறம் தீட்டாமல் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள்.

5. டைட்டில் வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

படம் தொடங்கி 17, 18 நிமிடம் போன பிறகுதான் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. அதற்குள் ஒரு முழுச் சந்திப்பு நடந்து முடிந்துவிடுகிறது. காதலர் தினத்தன்று காலை ஜோயல் வேலைக்குப் போகாமல் மோன்டாக் ரயிலில் ஏறுகிறான். ஏன் ஏறினான் என்று அவனுக்கே தெரியவில்லை. நீல முடிப் பெண் ஒருத்தி வந்து பேசுகிறாள். உறைந்த சார்லஸ் ஆற்றின் மீது இருவரும் படுத்துக்கிடக்கிறார்கள். அப்புறம் பெயர்கள். அப்புறம் காரில் ஜோயல் அழுதுகொண்டே போகிறான்.

புதிதாகப் பார்க்கும் எல்லோரும் இங்கே ஒரே மாதிரி தடுக்கி விழுகிறார்கள். சந்தித்தார்கள், கொஞ்ச நாள் போனது, பிரிந்தார்கள், அதனால் அழுகிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது இயல்பு. நூறு படங்கள் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. உண்மையில் அவன் அழும் இரவு, ரயில் ஏறிய காலைக்கு முந்தையது. அந்த இரவில் அவன் குடியிருப்புக்குத் திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் வரப்போகும் காதலர் தினத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறார். காலக்கணக்கை உறுதிசெய்யும் காட்சி அது. சீட்டில் அடிக்கோடிடுங்கள்.

இப்போது முதல் 17 நிமிடத்துச் சீட்டுகளைத் தனியாக எடுத்து, அவற்றில் ஒட்டாமல் நிற்கும் சின்ன விஷயங்களைத் தேடுங்கள். ஜோயலின் காரில் ஒரு நசுங்கல் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் காரின் ஆள்தான் செய்தார் என்று நினைத்துக் கோபமாக ஒரு சீட்டு எழுதி வைக்கிறான். அவனுடைய குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன, ஏனென்று அவனுக்கு நினைவில்லை. கிளெமென்டைன் தன் பெயரை வைத்துக் கேலி செய்யாதே என்கிறாள். அந்தப் பெயரில் என்ன கேலி இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றுக்கும் விடை பின்னால் வருகிறது. காரை நசுக்கியது கிளெமென்டைன், குடித்துவிட்டு நள்ளிரவு தாண்டி வந்த அன்று. பக்கங்களைக் கிழித்தது அழிப்பு வேலைக்காக. பச்சை முடிக் காலத்து முதல் சந்திப்பில் அவள் பெயரைக் கேட்டதும், சின்ன வயதில் தனக்குப் பிடித்த ஹக்கிள்பெரி ஹவுண்ட் பொம்மையையும் அந்தக் கார்ட்டூன் நாய் பாடும், அவள் பெயர் வரும் பாட்டையும் ஜோயலே சொல்கிறான். அவளைத் துடைத்தபோது அந்தப் பாட்டும் சேர்ந்து போய்விட்டது. ஒருவரை வெட்டி எறிந்தால் நம் சிறுவயதிலிருந்தும் ஒரு துண்டு போகும் என்பதை, யாரும் விளக்கிப் பேசாமல், ஒரு தெரியாத பாட்டால் சொல்லிவிடுகிறார் காஃப்மன். படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த எழுத்து வேலை இது.

6. காட்சிகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல்: விழித்திருக்கும் உலகம். ரயில், லாகூனா நிறுவனத்தின் அலுவலகம், நண்பர்கள் ராப், கேரியின் வீடு, கடைசிக் காட்சிகள்.

இரண்டாவது: ஜோயல் தூங்கிக்கொண்டிருக்கும் அறை. ஒரே இரவு. ஸ்டானும் பேட்ரிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள், மேரி வந்து சேர்கிறாள், கடைசியில் லாகூனாவை நடத்தும் டாக்டர் ஹோவர்ட்.

மூன்றாவது: ஜோயலின் தலைக்குள்.

இதை ஆறாவது படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலிலேயே பிரித்தால் இரண்டாம் குவியலும் மூன்றாம் குவியலும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் தப்பிவிடும். அறையில் இருப்பவர்களின் பேச்சு தலைக்குள் கசிகிறது. ஜோயல் தன் நினைவுக்குள் நின்றுகொண்டே பேட்ரிக்கின் குரலைக் கேட்கிறான். தான் லாகூனாவில் ஒப்படைத்த பரிசுப் பொருளையும், தான் எழுதிய வார்த்தைகளையும் வைத்தே பேட்ரிக் கிளெமென்டைனை மயக்கப் பார்க்கிறான் என்பது அவனுக்குத் தெரிய வருகிறது. இப்படிக் கசியும் இடங்களில் இரண்டு சீட்டுகளையும் நூலால் கட்டுங்கள், அல்லது ஒரே எண்ணைப் போடுங்கள்.

பேட்ரிக்கின் பகுதியைத் துணைக்கதை என்று ஒதுக்க வேண்டாம். அதே சார்லஸ் ஆறு, ஜோயல் சொன்ன அதே வாக்கியங்கள், அதே பெண். ஆனாலும் கிளெமென்டைனுக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. சொற்களைத் திருடலாம், அவை பிறந்த தருணத்தைத் திருட முடியாது என்பதைப் படம் இங்கே நேரடியாகச் சோதித்துப் பார்க்கிறது.

7. மூன்றாம் குவியலைத் திருப்பி அடுக்குங்கள்

இந்தப் பயிற்சியில் அதிக நேரம் பிடிப்பதும் அதிகம் கற்றுத்தருவதும் இந்தப் படிதான். அவசரப்படாதீர்கள்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை டாக்டர் ஹோவர்ட் சில வாக்கியங்களில் சொல்லிவிடுகிறார்: அண்மைய நினைவில் தொடங்கிப் பின்னோக்கிப் போவோம், ஒவ்வொரு நினைவுக்கும் ஓர் உணர்ச்சி மையம் உண்டு, அதை எடுத்துவிட்டால் மீதி தானாக உதிர்ந்துவிடும். அவ்வளவுதான் படத்தில் உள்ள அறிவியல். இதற்கு மேல் மூளை நரம்பு, மின்னலை என்று ஆராயப் போகிறவர்கள் அந்த நாளை வீணாக்குகிறார்கள். அந்த விதியைப் படம் எங்கும் மீறுவதில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

சீட்டுகளை முதலில் அழிக்கப்படும் வரிசையிலேயே படியுங்கள். காரை நசுக்கிவிட்டு வந்த இரவின் சண்டை. குழந்தை வேண்டும் என்று அவள் சொல்ல, உன்னால் வளர்க்க முடியுமா என்று அவன் கேட்டுப் புண்படுத்தும் சந்தை. பேச ஒன்றும் இல்லாமல் சாப்பிடும் உணவகம். இதெல்லாம் போகும்போது ஜோயலுக்கு நிம்மதிதான். போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் தன் சிறுவயதுப் பொம்மையைப் பற்றியும், தான் அழகில்லை என்று நினைத்துக்கொண்டதைப் பற்றியும் சொல்லும் நினைவு வருகிறது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். ஆற்றுப் பனிக்கட்டி நினைவு வரும்போது எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறான்.

இப்போது அதே சீட்டுகளைத் தலைகீழாக, உண்மையில் நடந்த வரிசையில் அடுக்குங்கள். கடற்கரை, ஆறு, போர்வை, உணவகம், சந்தை, சண்டை. கதையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெல்லச் செத்துப்போகும் ஒரு சாதாரணக் காதல், அவ்வளவுதான். துக்கம் இருக்கிறது, பதற்றம் இல்லை. மறுபடி அழிக்கப்படும் வரிசையில் அடுக்கினால், ஒவ்வொரு சீட்டிலும் இழப்பதற்கு இன்னும் அதிகம் சேர்ந்துகொண்டே போகிறது. சம்பவங்கள் மாறவில்லை, மாறியது அடுக்கு மட்டும். ஜோயல் இவளை ஏன் காதலித்தோம் என்று கண்டுபிடிப்பது, அந்தக் காரணம் அழிகிற நொடியில்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஜோயல் ஓடி ஒளியும் காட்சிகளையும் இந்த வரிசைக்குள் திணிப்பது. பெருக்கல் குறி போட்ட சீட்டுகளைப் பக்கவாட்டில் தனியாக வையுங்கள். அவை வரிசையிலிருந்து தப்பிக்கும் முயற்சி. வரிசைக்குள் அவற்றுக்கு இடம் கிடையாது.

8. நினைவுக்குள் இருக்கும் கிளெமென்டைன் யார் என்று கேளுங்கள்

ஜோயலோடு கைகோத்து ஓடுகிறாளே, என்னை உன் அவமானங்களுக்குள் ஒளித்துவை என்று யோசனை சொல்கிறாளே, அவள் உண்மையான கிளெமென்டைன் இல்லை. அவள் ஜோயலின் மனத்தில் இருக்கும் கிளெமென்டைன். உண்மையானவள் அந்த இரவில் வேறிடத்தில் பேட்ரிக்கோடு தவித்துக்கொண்டிருக்கிறாள். இதைக் கோட்டைவிட்டால், இருவரும் சேர்ந்து இயந்திரத்தை எதிர்த்துப் போராடினார்கள் என்று எழுதிவிடுவீர்கள். போராடியது ஒருவன் மட்டும்.

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'அன்று நடந்தது', மறுபக்கம் 'இன்று சேர்த்தது' என்று எழுதுங்கள். மூன்றாவது படியில் சீட்டுக்குள் போட்ட கோடுகள் இதற்குத்தான். கடற்கரை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பு அன்று ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் கிளெமென்டைன் நுழைகிறாள். ஜோயல் பயந்து, ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். அது அன்று நடந்தது. நினைவில் வீடு இடிந்து மணலும் தண்ணீருமாக ஆகும்போது, அவள் திரும்பி வந்து ஒரு விடைபெறுதலையாவது கற்பனை செய்துகொள்வோம் என்கிறாள். அது இன்று சேர்த்தது. மோன்டாக்கில் வந்து பார் என்று காதில் சொல்வதும் அப்படியே.

இந்தத் தாளை நிரப்பியவர்களுக்கு ஜோயலின் மாற்றம் எங்கே நடக்கிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வருடம் அவளிடம் வாய் திறக்காதவன், அவளுடைய பிம்பத்தோடு தனியாக இருக்கும்போது பேசுகிறான்.

அப்படியானால் உண்மையான கிளெமென்டைன் ஏன் அன்று மோன்டாக்குக்கு வந்தாள்? படம் காரணம் சொல்வதில்லை. நீங்களும் கண்டுபிடித்து எழுத வேண்டாம்.

9. இயந்திரத்தை எடுத்துவிட்டுக் கதை சொல்லிப் பாருங்கள்

மடித்து வைத்த ஐந்து வரியைத் திறங்கள். நினைவழிப்பு, லாகூனா, கணினி என்று வரும் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். பலருக்கு ஒரு வரிகூட மிஞ்சாது. முதல் பார்வையில் நாம் இயந்திரத்தைப் பார்த்தோம், மனிதர்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பதற வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

இப்போது புதிதாக ஐந்து வரி எழுதுங்கள், இயந்திரமே இல்லாமல். மூடிக்கிடக்கும் ஒருவன், ஓயாமல் தன்னைத் திறந்து காட்டும் ஒருத்தி, அவளுடைய துடிப்பு முதலில் அவனை இழுக்கிறது, பின்னால் அதுவே அவனுக்குச் சங்கடமாகிறது, அவனுடைய அமைதி முதலில் அவளுக்கு ஆறுதல், பின்னால் சலிப்பு. முதல் சந்திப்பில் கேட்காமலே அவன் தட்டிலிருந்து கோழித் துண்டை எடுக்கிறாள். ஏற்கெனவே காதலர்கள் போல இருந்தது அது என்று உருகியவன், இரண்டு வருடம் கழித்து அதே தாராளத்தைக் குற்றமாகச் சொல்கிறான். இவ்வளவும் இயந்திரம் இல்லாமல் நிற்கிறது.

அப்புறம் ஒரே ஒரு வரியில் எழுதுங்கள்: இயந்திரம் வந்ததால் இந்தக் கதையில் புதிதாக நடந்தது என்ன? 'கசப்பிலிருந்து தொடக்கத்துக்கு நடந்துபோக அவனைக் கட்டாயப்படுத்தியது' என்ற பொருள் வரும் எந்த வாக்கியமும் சரி.

10. மேரியின் சீட்டுகளைத் தனியாகப் படியுங்கள்

மேரி, லாகூனாவில் வரவேற்பில் வேலை செய்பவள். டாக்டர் ஹோவர்ட் மீது மயக்கம். அவரைக் கவர்வதற்காக மேற்கோள்களை மனப்பாடமாகச் சொல்கிறாள். அதில் ஒன்று அலெக்சாண்டர் போப் 1717-இல் வெளியிட்ட கவிதையின் வரிகள். படத்தின் பெயர் அங்கிருந்துதான். மறதியை வரமாகப் புகழும் அவளே, ஹோவர்டோடு முன்பு இருந்த உறவைத் துடைத்துக்கொண்டவள் என்பது அவருடைய மனைவி வந்து நிற்கும்போது தெரியவருகிறது.

இந்தப் பகுதியைத் தேவையில்லாத கிளைக்கதை என்று வெட்டிவிடுகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். இதை எடுத்துவிட்டால், துடைத்த பிறகு என்ன ஆகும் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அழித்த பிறகும் அதே ஆளிடம் அதே மாதிரி விழுகிறாள் மேரி. ஜோயலும் கிளெமென்டைனும் மறுபடி சந்திப்பது இனிப்பான தற்செயல் மட்டும்தானா என்ற பயத்தை விதைப்பது இந்தக் கதை. கடைசிக்கான கருவியையும் இவள்தான் தருகிறாள். கோபத்தில் எல்லாருடைய கோப்புகளையும் ஒலிநாடாக்களையும் அவரவருக்கே அனுப்பிவைக்கிறாள்.

11. ஒலிநாடாக்களையும் சண்டையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் லாகூனாவில் சொன்னதை இப்போது ஒன்றாகக் கேட்கிறார்கள். காரில் அவளுடைய குரல்: அவன் சலிப்பூட்டுகிறான், அவனோடு இருக்கையில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் வீட்டில் அவனுடைய குரல்: அவள் படிக்காதவள், மற்றவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று உடலைக் கொடுப்பவள்.

ஆரஞ்சு நிறச் சண்டைச் சீட்டை எடுத்து அருகில் வையுங்கள். அந்த இரவில் அவள் முகத்துக்கு நேரே அவன் வீசிய குற்றச்சாட்டுதான் நாடாவிலும். நாம் அந்தக் காட்சியைப் பார்த்தது படத்தின் தொடக்கப் பகுதியில், அவன் பக்கத்தில் நின்று. இப்போது கேட்கும்போது அறையில் அவள் இருக்கிறாள், அதுவும் அவனை ஓரிரு நாளாக மட்டும் தெரிந்தவளாக. அதே வார்த்தை இரண்டு மடங்கு வலிக்கிறது.

பிறகு அவன் வீட்டுக்கு வெளியே இருக்கும் தாழ்வாரம். உன்னிடம் பிடிக்காதது எதுவும் எனக்குத் தெரியவில்லை என்கிறான் ஜோயல். தெரியவரும், எனக்கும் உன்னிடம் சலிப்பு வரும், மூச்சு முட்டும், எனக்கு அப்படித்தான் ஆகும் என்கிறாள் அவள். சரி என்கிறான். சரி என்கிறாள். அதன்பின் பனிக் கடற்கரையில் இருவரும் ஓடும் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது.

இது மகிழ்ச்சியான முடிவா, துயரமா என்று உடனே தீர்ப்பு எழுதத் துடிப்பார்கள். தள்ளிவையுங்கள். முதலில் இதை எழுதுங்கள்: ரயிலில் சந்தித்தபோது இருவருக்கும் தெரியாத எது இப்போது தெரியும்? அதைத் தெரிந்துகொண்டும் யார் முதலில் சம்மதித்தது? அவ்வளவு நாள் மூடிக்கிடந்தவன் முதலில் சம்மதிக்கிறான் என்பதைச் சீட்டில் கண்டுகொண்ட பிறகு, தீர்ப்பு உங்கள் விருப்பம். என் கருத்தில், இது நம்பிக்கையான முடிவு. ஆனால் அதற்கு அடுத்த வருடம் அவர்கள் பிரிந்திருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

12. படமாக்கிய விதத்தைக் கடைசியில் பாருங்கள்

ஒளிப்பதிவு எலன் குராஸ், எடிட்டிங் வால்டிஸ் ஓஸ்கார்ஸ்டோட்டிர், இசை ஜான் பிரையன். கோன்ட்ரி பல இடங்களில் கணினி வித்தையைத் தவிர்த்து, கேமராவுக்கு முன்னாலேயே செய்திருக்கிறார். சமையலறைக் காட்சியில் வளர்ந்த ஜோயலைச் சிறுபிள்ளை அளவில் காட்ட, அளவு மாற்றி அமைத்த செட்டும் கேமரா கோணமும். டாக்டரின் அறையில் இரண்டு ஜோயல் தெரிய, கேமரா திரும்பும் நேரத்தில் ஜோயலாக நடித்த ஜிம் கேரி உடை மாற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடி வந்திருக்கிறார். புத்தகக் கடையில் புத்தகங்களின் பெயர்கள் வெளுத்து, விளக்குகள் வரிசையாக அணைகின்றன.

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், குறும்படம் எடுக்க வருகிறவர்கள் இதில்தான் முதலில் விழுகிறார்கள். விளக்கணைவதை அப்படியே எடுத்துவிடுவார்கள், அணையும்போது இழக்க அந்த அறையில் எதுவும் இருக்காது. ஏழாவது படியை முடித்தவர்கள் அந்தத் தவறைச் செய்வதில்லை. எந்த நினைவில் விளக்கு அணைகிறது, எந்த நினைவில் வீடே இடிகிறது என்று சீட்டில் பார்த்து, இழப்பின் அளவோடு ஒப்பிடுங்கள்.

13. உங்கள் கதையில் இதைப் பயன்படுத்தும் வரிசை

முதலில் ஒரு சண்டையை எழுதுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல், ஒரே அறை, இரண்டு பேர், மூன்று பக்கம். அதில் இருவரும் சொல்லாமல் விழுங்கியதை ஓரத்தில் எழுதுங்கள். அடுத்து அதே இருவரின் முதல் சந்திப்பை எழுதுங்கள். முதல் சந்திப்பில் பிடித்துப்போன குணமே சண்டைக்குக் காரணமாக இருக்க வேண்டும். இவை இரண்டும் நிற்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

நின்றுவிட்டால், அப்போதுதான் அறிவியல். அதை ஒரே விதியாக எழுதுங்கள், மூன்று வாக்கியத்துக்கு மிகாமல், ஒரு பாத்திரம் சாதாரணமாகச் சொல்லிவிடக் கூடியதாக. அந்த விதி இந்த இருவரையும் தாங்கள் தவிர்த்துவந்த எந்தப் பேச்சுக்குக் கட்டாயப்படுத்தும் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் விதியை மாற்றுங்கள், ஆட்களை மாற்றாதீர்கள். பதில் கிடைத்தால், காட்சிகளுக்குச் சீட்டுப் போட்டு, நடந்த வரிசையில் ஒருமுறையும் விதி கேட்கும் வரிசையில் ஒருமுறையும் தரையில் அடுக்கிப் பாருங்கள். இரண்டு வரிசையும் ஒரே உணர்வைத் தந்தால் விதி இன்னும் வேலை செய்யவில்லை, மறுபடி எழுத வேண்டும்.